சுங்கச்சாவடியில் சுமை தூக்கிய கூட்டாளி

ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குத் தோல் கடை. மழைக்காலத்தில் ராஜபாளையத்துக்குச் சரக்கு அனுப்பினால், கரிசல் சேறு வண்டிச் சக்கரத்தை அச்சு வரைக்கும் விழுங்கிவிடும். தாலுகா போர்டு சரளைப் பாதை போட ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டதும் நானே போய் நின்றேன். இடத்தைப் போர்டு கொடுக்கும். கல்லும் கூலியும் எங்கள் பொறுப்பு. பாதை முடிந்த பிறகு பத்து வருஷம் வண்டிகளிடம் சுங்கம் வாங்கிக்கொள்ளலாம். ஒப்பந்தம் அவ்வளவுதான்.

எனக்குக் கூட்டாளியாக வந்தவர் வன்னியம்பட்டிக்காரர். நிலபுலன் உள்ளவர், பட்டாளத்தில் இருந்தபோது மலைப்பக்கம் பாதை போட்டுப் பழகியவர். ஒவ்வொரு துண்டு முடிந்ததும் செம்பு நிறையத் தண்ணீரை வண்டியில் வைத்து ஓட்டச் சொல்வார். நிறையச் சிந்தினால் சரளையைக் கிளறி, மறுபடியும் கல்லுருளையை இழுக்க வைப்பார். கூலியாட்கள் அவரைத் திட்டிக்கொண்டேதான் வேலை செய்தார்கள். ஆனால் பாதை நன்றாக வந்தது.

சாவடி திறந்து ஒரு மாதம் தொல்லையில்லை. பருத்தி எடுப்பு தொடங்கியதும் வினை வந்தது. பாரவண்டிக்கு முழுச் சுங்கம், வெறும்வண்டிக்குப் பாதி, தலைச்சுமைக்கு ஒன்றுமில்லை என்பது போர்டு எழுதிக்கொடுத்த விதி. வண்டிக்காரர்கள் அதை எங்களைவிட நன்றாகப் படித்துவிட்டார்கள். சாவடிக்கு நூறடி முன்பே வண்டியை நிறுத்திப் பொதிகளை இறக்கி, தலையில் சுமந்து அந்தப்பக்கம் வைத்துவிட்டு, வெறும்வண்டியைச் சாவடி வழியாக ஓட்டிப்போய் மறுபடியும் ஏற்றினார்கள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. ஒருநாள் காலையில் சண்டை போடும் எண்ணத்தோடுதான் போனேன். போய்ப் பார்த்தால், ஒரு கிழட்டு வண்டிக்காரரின் பொதியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு சாவடியைக் கடந்து வருகிறார் என் கூட்டாளி. நியாயமா என்று கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்:

"வயசான மனுசன், ராவுத்தரே! இடுப்பு ஒடிஞ்சிரும். செத்த நேரம் தூக்கிவிட்டா என்ன கொறஞ்சா போயிரும்?"

நம்முடைய சுங்கம்தான் குறையும் என்று சொல்ல வாயெடுத்தேன். சிரிப்பு முந்திக்கொண்டது.

இந்தக் கூத்து இரண்டு வாரம் நடந்தது. பிறகு ஒருநாள் போர்டு ஓவர்சியர் குதிரையில் வந்து இறங்கினார். பொதி சுமக்கிறவர் யார் என்று என்னைக் கேட்டார். "அவிய எங்க கூட்டாளிதான்யா" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். கூட்டாளி பொதியை இறக்கி வைத்துவிட்டுப் பட்டாளத்து சலாம் ஒன்று வைத்தார்.

ஓவர்சியர் கோபப்படவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வண்டிக்காரர்களைக் கூப்பிட்டு விசாரித்தார். அந்தக் கிழவர்தான் முன்னால் வந்து பேசினார். பாதைக்குக் காசு கொடுக்க மனசில்லாமல் இல்லை என்றார்.

"போறதுக்கு ஒருக்கா, வாறதுக்கு ஒருக்கா கேக்காக. ஒரே நாளுல எம்புட்டுத்தான் குடுக்க? ஒருக்கா வாங்கிட்டு விட்டாகன்னா, நான் எதுக்குப் பொதி தூக்குதேன்?"

எங்களில் ஒருவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பாரவண்டியோ வெறும்வண்டியோ, ஒரே கட்டணமாக ஒருமுறை வாங்கிக்கொண்டு அன்று பொழுது சாயும்வரை விட்டுவிடலாமா என்று ஓவர்சியர் கேட்டார். நான் யோசிக்கும் முன்பே கூட்டாளி சரி என்றுவிட்டார். கொஞ்ச நாளில் போர்டிலிருந்து அனுமதிக் கடிதமும் வந்தது.

அதற்குப் பிறகு யாரும் பொதி இறக்கவில்லை. தளவாய்புரத்து வண்டிகள்கூட வரத் தொடங்கின. அந்த ஐப்பசி மழையில் என் தோல்வண்டி முதல்தடவையாகச் சேறு படாமல் உச்சிப்பொழுதுக்குள் ராஜபாளையம் போய்ச் சேர்ந்தது. என் வண்டி என்று கூட்டாளி சாவடியில் சும்மா விட்டுவிடவில்லை. மற்றவர்களைப் போல என்னிடமும் கை நீட்டினார். நானும் கொடுத்தேன்.