கஞ்சியில் கலந்த மோர்

என் மனைவிக்குத் தெரியாமல் அவள் காலைக் கஞ்சியில் தினமும் புளித்த மோரைக் கலந்து கொடுத்தேன். அவளுக்கிருந்த வயிற்று உப்புசத்துக்கு அதைவிட மருந்தில்லை என்பது ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த என் நம்பிக்கை. "மோர் குடிச்சாலே உடம்பு எரியுதுங்க" என்று அவள் சொன்னதை வீம்பு என்று நினைத்தேன்.

காலைதோறும் அவள் கழுத்தில் தடிப்பு ஏறியது. ஒருநாள் உதடு வீங்கி மூச்சுத் திணறியது. சிறுகுடலில் பாக்டீரியா பெருகியிருப்பதால், புளித்த உணவிலுள்ள, தடிப்பைக் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற பொருளை அவள் உடல் தாங்கவில்லை என்றார் தென்னூர் டாக்டர். அங்கேயே உண்மையைச் சொன்னேன்.

"கொன்னுருப்பீங்க," என்றாள், குரலை உயர்த்தாமல்.

இப்போது வேளாவேளைக்குப் புதிதாகச் சமைத்து, அவள் கண்முன்னே முதல் வாய் நான் சாப்பிடுகிறேன். மருந்தில் தடிப்பு அடங்கிவிட்டது. ஆனாலும் நான் நீட்டும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அவளே எழுந்துபோய்ப் பிடித்துக் குடிக்கிறாள்.