ஹெல்மெட்டில் மாட்டுகிற கேமரா

இன்று தாம்பரம் கடையில் என் கொழுந்தன், வண்டி ஓட்டிக்கொண்டே படம் எடுக்கக் கேமரா பார்த்தான். அறுபது வயசிலும் ஆசை விடவில்லை.

"அண்ணி, இதை ஹெல்மெட்டுக்கு முன்னாடி மாட்டிக்கலாம். ரோடு பூரா விழும்."

எனக்கு எண்பத்தெட்டாம் வருஷம் ஞாபகம் வந்தது.

அப்போதும் இவன்தான். கழுத்தில் கேமரா, கையில் புது மோட்டார் சைக்கிள். கோவிலம்பாக்கத்துக் கல்யாணத்துக்கு என்னைப் பின்னாடி உட்கார வைத்து ஓட்டினான். எனக்கு அரக்குப் பட்டு, தலை நிறைய கனகாம்பரம். வழியெல்லாம் ஒரு கையால் கிளிக், கிளிக்.

கழுவி வந்தது முப்பத்தாறு படம். ஏரி, எருமை, லாரியின் பின்புறம். நான் ஒன்றில்கூட இல்லை. அந்த வயசில் எடுத்த படம் என்று எனக்கு ஒன்றுமே கிடையாது.

கடைக்காரத் தம்பியிடம் கேட்டேன். "பின்பக்கம் பார்க்குற மாதிரி மாட்ட முடியுமாப்பா?"

"மாட்டலாம்மா."

கொழுந்தன் சிரித்தான். "பின்னாடி இன்னா அண்ணி கீது?"

"நான் கீறேன்!"

கடைக்காரத் தம்பி இரண்டாவது கேமராவையும் எடுத்து வைத்தது.

வண்டியில் பின்னாடி உட்கார்ந்தே காலம் தள்ளினவர்களே, உங்களுக்காவது ஒரு படம் இருக்கிறதா?