அத்தையின் தைலப் போத்தல்

அந்தத் தைலப் போத்தல் இப்போது எங்கள் வீட்டில் இல்லை. ஆனாலும் வட்டவளைப் பக்கம் மழை இறங்கி, மலையெல்லாம் வெள்ளையாகி, ஜன்னலுக்கு வெளியே எதுவுமே இல்லாததுபோல் ஆகிவிடும் காலைகளில் அது என் கண்ணுக்குள் வந்து நிற்கும். பச்சைக் கண்ணாடி, விரல் உயரம். மூடி தொலைந்துபோனதால் மெழுகுதிரியை உருக்கி நானே அதன் வாயை அடைத்திருந்தேன். கழுத்தில் அத்தையின் பழைய மஞ்சள் சேலையில் கிழித்த துண்டு. உள்ளே மிளகு போலக் கறுத்த சில கற்கள். காதருகே வைத்து ஆட்டினால் மெல்லிய சத்தம் வரும்.

நான் மலையகத்து ஆஸ்பத்திரி ஒன்றின் ரெக்கோட் ரூமில் வேலை செய்கிறேன். நோயாளி வீட்டுக்குப் போனபிறகு அவருடைய கட்டில் டிக்கெட், சிகிச்சை விவரம் எழுதிய தாள், படியிறங்கி என் மேசைக்கு வரும். டாக்டர் கடைசியாக எழுதிய நோயின் பெயரைப் பார்த்து அதற்குரிய குறியீட்டை இட வேண்டும். உலகத்து நோய்களுக்கெல்லாம் ஓர் எழுத்தும் சில இலக்கங்களும் உண்டு. பித்தப்பைக் கல் என்றால் கே எண்பது. அதோடு விட முடியாது. பித்தப்பை வீங்கிப் புண்பட்டிருந்ததா, கல் குழாயை அடைத்ததா என்பதைப் பார்த்து, புள்ளி வைத்து இன்னோர் இலக்கம் போட வேண்டும். அவசரத்தில் டாக்டர்கள் 'கல்' என்று மட்டும் எழுதிவிடுவார்கள். நான் டிக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கு ஏறிவிடுவேன். "இந்தா, கல்லு மிஸ் வந்துட்டாங்க" என்று அட்டெண்டன்ட் கேலி செய்வார். செய்துவிட்டுப் போகட்டும். அவருக்கு என் அத்தையைத் தெரியாது.

அத்தை என் அப்பாவின் அக்கா. கட்டிக்கொடுத்த இடம் சரிவராமல், தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கே திரும்பி வந்து எங்களோடு இருந்தவர். தேயிலைக் கொழுந்து எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அதைச் சொல்லிக்கொள்ள அவர் கூச்சப்பட்டதும் இல்லை. "எங் கையப் பாத்துத்தான் செடியே துளுக்குது" என்பார். அப்படிப்பட்டவருக்கு வலது தோளில் வலி வந்தது. கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் மாட்டியிருக்கும், கூடை முதுகில் தொங்கும். தோள் வலிக்காத பெண் எந்த மலையிலும் கிடையாது. ஆகவே யாரும் யோசிக்கவே இல்லை. கூடைதான் காரணம் என்று முடிவாகிவிட்டது. டிஸ்பென்சரி ஐயா தைலம் கொடுத்தார். அத்தையும் கூடையைத்தான் சந்தேகப்பட்டார். கயிற்றை நீளமாக்கினார், பிறகு குட்டையாக்கினார், பக்கத்து வீட்டு அக்காவோடு கூடையை மாற்றிப் பார்த்தார், கடைசியில் கோபம் வந்து அந்தக் கூடையையும் எட்டி உதைத்தார். வயிற்றின் மேற்பக்கத்தில் ஒரு பிசைவும் இருந்தது. அதை நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து வெறும் கேஸ், வாயு என்று ஆக்கிவிட்டோம்.

அந்த வலியிடம் ஒரு கெட்ட குணம். வரும், வந்த சுவடு தெரியாமல் போய்விடும். இன்று சுருண்டு படுத்தவர் நாளை பாட்டுப் பாடிக்கொண்டு மலை ஏறுவார். பார்க்கிறவர்களுக்கு வேறென்ன தோன்றும்? ஒரு நாள் காலை, பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, கங்காணி எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். "நேத்து நல்லாத்தானே இருந்தீங்க? மழையப் பாத்ததும் தோளு வலிக்குதாக்கும்?" பெண்கள் சிரித்தார்கள். அத்தை வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். "வலியத் தாங்கிக்குவேன்டி. என்னைய வேலைக்கள்ளின்னுட்டாங்களே." எனக்கு அந்தக் களத்தையே கொளுத்திவிடலாம் போலிருந்தது.

தீபாவளிக்கு மறுநாள், தோட்டமே உறங்கிக் கிடந்தது. முந்தின நாள் ஆட்டுக்கறியும் வடையும் அமர்க்களப்பட்டிருந்தன. அத்தை சுவரில் சாய்ந்து, காய்ச்சலில் முகம் சிவந்து, தோளைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"கூடையத் தொடவே இல்லையேடி. அப்புறம் எதுக்கு வலிக்குது?"

அத்தனை நாளும் எங்களில் யாருக்கும் தோன்றாத கேள்வி அது. கொழுந்து லொறியில் பாயை விரித்து அவரைப் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். வழியெல்லாம் பனி. மரங்கள் ஒவ்வொன்றாக வந்து எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தன. காய்ந்த கொழுந்தின் வாசம் லொறிப் பலகையெங்கும் இருந்தது. அதை நுகர்ந்துகொண்டே அத்தை கண்களை மூடிக்கொண்டார். இந்தப் பாதை முடியாமலே போனாலும் சரி, அத்தை மட்டும் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

சிங்களத்து இளம் டாக்டரம்மா ஒருவர் வலது விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்தி, "மூச்சு எடுங்க அம்மா" என்றார். அத்தையின் மூச்சு பாதியில் நின்றது. ஸ்கேனில் கற்கள் தெரிந்தன. பித்தப்பையில் கல் இருந்தால் வலி தோளுக்கும் ஏறும் என்று டாக்டரம்மா விளக்கினார். காய்ச்சல் தணிந்தபின் ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்குப் போகும்போது கையில் கொடுத்த நோய் விவரக் கார்டை அத்தை திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் இங்கிலீஷ்.

"இத பெரட்டுல யாரு படிப்பா? எங் கல்லக் குடுங்கம்மா."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

நான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அத்தையின் டிக்கெட்டும் என் மேசைக்கு வந்தது. டாக்டரம்மா ஒன்றும் விடாமல் எழுதியிருந்தார். கே எண்பது, புள்ளி, பூச்சியம். கற்கள், கூடவே கடும் அழற்சி. எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை பொய் சொல்லவில்லை என்று அரசாங்கமே ஒத்துக்கொண்டதுபோல் சந்தோஷமாக இருந்தது.

அத்தை கற்களைக் கழுவிக் காயவைத்து, தோளில் தேய்த்துத் தீர்ந்துபோன அதே தைலப் போத்தலில் போட்டார். உடம்பு தேறியதும் பெரட்டுக் களத்துக்கு எடுத்துப்போனார். கை மாறி மாறிப் போனது போத்தல். கங்காணி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார். அன்று பலமாகச் சிரித்த பெண்தான் பின்னாலேயே வந்தார்.

"அக்கா, எனக்கும் இங்கதான்" என்று வலது தோளைத் தொட்டுக் காட்டினார். "இத ஒரு நாளைக்குத் தாறீங்களா? எங்க வீட்டுல காட்டணும்."

அப்படிப் புறப்பட்டதுதான் போத்தல். நோர்வூட் பக்கம் போனதாகக் கேள்விப்பட்டோம், பிறகு திரும்பவே இல்லை. நான் கோபப்பட்டேன். "இருக்கட்டும்டி, சும்மாவா கெடக்குது?" என்றார் அத்தை. சென்ற மழைக்காலத்தில் அத்தை முதுமையில் அமைதியாகப் போய்விட்டார். அவருடைய ஞாபகமாக வைத்துக்கொள்ள அந்தப் போத்தல்தான் வேண்டுமென்று அலைந்து விசாரித்தேன். கிடைக்கவில்லை.

அண்மையில், வழக்கம்போல ஓர் அரைகுறை டிக்கெட்டோடு வார்டுக்கு ஏறினேன். கந்தப்பளையிலிருந்து வந்த ஒரு பெண்ணின் கட்டிலருகே, சிறிய அலுமாரியின் மேல், பச்சையாக ஏதோ தெரிந்தது. மஞ்சள் துணி வெளுத்திருந்தது. மெழுகு உதிர்ந்து, வாயில் பஞ்சு அடைத்திருந்தார்கள்.

"இது உங்களுதா?"

"இல்லீங்க மிஸ். யாரோ ஒரு அக்காவோட கல்லாம். வலின்னா வீட்டுல நம்பமாட்டாங்கல்ல, அதுக்குக் காட்டுறது."

"அந்த அக்கா எங்க அத்தைங்க" என்றேன். அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து, போத்தலை எடுத்து என் கையில் வைத்தார்.

"அப்ப நீங்களே வச்சுக்கங்க மிஸ். கீழ் லயத்துல ஒரு புள்ள கேட்டுச்சு, நான் எதாச்சும் சொல்லிக்கிறேன்."

ரெக்கோட் ரூமுக்குக் கொண்டுவந்தேன். கரண்ட் போனால் கொளுத்த வைத்திருக்கும் மெழுகுதிரி மேசையிலேயே இருந்தது. உருக்கி, வாயை மறுபடி இறுக அடைத்தேன். ஜன்னலுக்கு வெளியே மலை இல்லை, வெறும் வெள்ளை. காதருகே வைத்து ஒருமுறை ஆட்டிப் பார்த்தேன். அதே சத்தம். பிறகு படியேறிப் போய், "அந்தப் புள்ளைகிட்டயே குடுத்துடுங்க" என்று அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.