ஜாக் அடிக்கிறவள்

என் அக்கா கல்யாணமானதிலிருந்து, பதினோரு வருடமாக, மாமாவின் மெக்கானிக் ஷெட்டில் கூடமாட வேலை செய்கிறாள். அன்று நான் சாப்பாடு கொண்டுபோனபோது, ஒரு பழைய பிக்கப்பின் பாடியை, அது உட்கார்ந்திருக்கும் சேஸிஸ் சட்டத்திலிருந்து மூன்று அங்குலம் தூக்கி, இடையில் கட்டைகள் வைக்கும் வேலை நடந்தது. ஜாக் அடிப்பது அக்கா. சரக்கு ஏற்றும் பின்தொட்டி எழும்பத் தொடங்கியதும் கையை நிறுத்தினாள்.

“என்னங்க, டீசல் ஊத்துற குழாயோட கிளிப்பை இன்னும் கழட்டலையே.”

மாமா பக்கத்தில் நின்ற வண்டிக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தார். “பாத்தீங்களா, ஜாக் அடிக்கிறவங்க எல்லாம் மெக்கானிக் ஆயிட்டாங்க. நீ அடிடி!”

அடித்தாள். நைந்த ரப்பர் குழாய் கிழிந்து டீசல் கொட்டியது.

“மெதுவா அடின்னா கேக்குறாளா?” என்று மாமா கத்தினார்.

“வீட்டம்மாவை வேலைக்கு வெச்சா இப்படித்தான்” என்று வண்டிக்காரர் சிரித்தார். மாமாவும் கூடச் சிரித்தார். அக்கா துணி எடுத்துத் தரையைத் துடைத்தாள்.

வண்டிக்காரர் போனபின், முன்பக்கக் கேபினைத் தூக்கும்போது மாமா குரலைத் தணித்துக்கொண்டார். “வேற எதையாச்சும் கழட்டாம விட்டிருக்கேனா? பாத்துச் சொல்லேன்.”

எஞ்சினிலிருந்து கேபினுக்குப் போகும் எர்த் ஒயர் கழட்டப்படாமல், அறுந்துவிடும்போல் விறைத்து நின்றது எனக்கே தெரிந்தது. அக்காவின் கண்ணும் அங்கேதான் இருந்தது.

“எனக்கென்னங்க தெரியும்?” என்றாள், அடிப்பதை நிறுத்தாமல். நானும் கொண்டுவந்த சாப்பாட்டை எடுத்து வைக்கப் போனேன்.