மற்றவர்கள் போடமாட்டார்கள்

ஹனோவரிலிருந்து நகர ரயிலில் இருபத்தைந்து நிமிடத் தூரத்தில் இருக்கும் ஒரு சிறிய நகரத்தில் நாங்கள் அப்போது குடியிருந்தோம். பகலில் எனக்கு ஒரு பாலர் பாடசாலையின் சமையலறையில் வேலை. கிழமையில் மூன்று நாட்கள், பின்னேரம் ஐந்து மணிக்கு ரயிலேறி ஹனோவருக்குப் போய், ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனத்தில் எட்டரை வரை தொலைபேசியில் கேள்வி கேட்பேன். சவர்க்காரத் தூள், காப்புறுதி, தேர்தல் என்று எதைப் பற்றியும் கேட்போம். திரையில் வரும் கேள்வியை வரி மாறாமல் வாசிக்க வேண்டும். பதிலுக்குரிய கட்டத்தை அழுத்த வேண்டும். அவ்வளவுதான்.

பதின்மூன்று வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே பள்ளிக்கூடம் போனவள் என்பதால் என் ஜெர்மன் பேச்சில் பிறத்தியாள் என்று கண்டுபிடிக்க ஏலாது. பெயரைச் சொன்னால்தான் பிரச்சினை. முதல் கேள்விக்கு முன்பே ஆட்கள் தொலைபேசியை வைத்துவிடுகிறார்கள் என்று மேற்பார்வையாளர் கவனித்தார். நல்ல மனிதர். சங்கடப்பட்டுக்கொண்டே எனக்கு ஒரு குட்டி ஜெர்மன் பெயரைத் தந்தார். அதற்குப் பிறகு வேலை சுகமாக நடந்தது. அதை நான் அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

அதே நகரத்தில் ஒரு அக்கா இருந்தார். மன்னார்ப் பக்கம். என்னைவிடப் பதினைந்து வயது கூட. அகதியாக வந்து, பிள்ளைகளைப் பெற்று, முப்பது வயதுக்குப் பிறகு முதியோரைப் பராமரிக்கும் தாதிப் படிப்பைப் படித்து முடித்தவர். மாதம் ஒருமுறை ஹனோவர் தேவாலயம் ஒன்றில் நடக்கும் தமிழ்ப் பூசைக்கு அவருடைய காரில்தான் நாங்கள் போவோம். குடியுரிமை கிடைத்த வருடமே ஒரு கட்சியில் சேர்ந்து, அடுத்த தேர்தலில் நகரசபை உறுப்பினராகவும் வந்துவிட்டார். முதியோர் இல்லத்துக்குப் போகும் பேருந்தை நிறுத்தியபோது வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி அதைத் திரும்ப ஓட வைத்தவர் அவர்தான். கட்சியில் சேரும் விண்ணப்பத்தை என் சமையலறை மேசையில் வைத்து, "கையெழுத்து வையும், மிச்சத்தை நான் நிரப்புறன்" என்று என்னையும் சேர்த்துவிட்டதும் அவர்தான்.

ஜெர்மனியில் உலகக் கிண்ணம் நடந்த கோடைக்கு முந்தின மாரி அது. அந்த வருடம் மேயர் தேர்தல் வர இருந்தது. எங்கள் கட்சியில் வேட்பாளராக நிற்க இரண்டு பேர் விரும்பினார்கள். ஒருவர் உயர்நிலைப் பாடசாலையின் தலைமையாசிரியர். நகரத்தில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். மற்றவர் அக்கா. உறுப்பினர்கள் கூடி வாக்களித்து ஒருவரைத் தெரிவு செய்ய வேண்டும். அதற்கு முன் கட்சியின் உள்ளூர்த் தலைவர் ஒரு யோசனை சொன்னார். யார் நல்லவர் என்று நாங்கள் சண்டை பிடிக்கத் தேவையில்லை, இருவரும் நல்லவர்கள்தான், பதவியில் இருக்கும் மேயரை யாரால் தோற்கடிக்க முடியும் என்பதை ஊரிடமே கேட்டுவிடுவோம் என்றார். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. அக்காவும் சம்மதித்தார்.

அந்தக் கருத்துக்கணிப்பு எங்கள் நிறுவனத்துக்கு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காதில் கேட்பொறியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தால் எங்கள் நகரத்தின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே அக்காவின் பெயர் ஜெர்மன் எழுத்தில் நீளமாகக் கிடந்தது. வேட்பாளர் எனக்குத் தெரிந்தவர் என்று மேற்பார்வையாளரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எனக்கு வேறு வேலை தந்திருப்பார். ஆனால் ஊர் என்ன சொல்லப்போகிறது என்று அறியும் ஆசை வந்துவிட்டது. பேசாமல் முதல் இலக்கத்தை அழைத்தேன்.

கேள்விகள் மூன்று. தலைமையாசிரியர் நின்றால் அவருக்கு வாக்களிப்பீர்களா? அக்கா நின்றால் அவருக்கு வாக்களிப்பீர்களா? மூன்றாவது: உங்கள் விருப்பம் ஒருபுறம் இருக்கட்டும், இந்த இருவரில் யாரால் தேர்தலில் வெல்ல முடியும் என்று நினைக்கிறீர்கள்?

அக்காவின் பெயரை நான் சரியாகத்தான் உச்சரித்தேன். மேற்பார்வையாளர் வந்து, மற்றவர்கள் வாசிப்பதுபோலவே நானும் வாசிக்க வேண்டும், எல்லோருக்கும் ஒரே ஓசையில் கேட்க வேண்டும் என்றார். அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த பெயரைத் தட்டுத் தடுமாறி வாசிக்கப் பழகினேன். அது என்ன பெயர், எந்த நாட்டுப் பெயர் என்று சிலர் கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. கேள்வியை இன்னொருமுறை வாசிக்கிறேன் என்று மட்டும் சொல்லலாம்.

அந்தப் பின்னேரம் ஒரு வயதான பெண் எடுத்தார். அக்காவின் பெயரை நான் வாசித்து முடிக்கும் முன்பே, முதியோர் இல்லத்துத் தாதியைத்தானே கேட்கிறீர்கள் என்றார். தன் கணவரின் கடைசி மாதங்களில் அவரைக் குளிப்பாட்டிச் சவரம் செய்துவிட்டது அந்தப் பெண்தான் என்றார். கணவருக்குத் தன் மனைவியின் பெயரே மறந்துபோன பிறகும் அந்தத் தாதியைக் கண்டால் முகம் மலருமாம். கட்டாயம் அவருக்குத்தான் போடுவேன் என்றார். நான் கட்டத்தை அழுத்திவிட்டு மூன்றாவது கேள்வியை வாசித்தேன். அதை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார்.

"தலைமையாசிரியர்தான்" என்றார் பிறகு. "எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் மற்றவர்கள் அவவுக்குப் போடமாட்டார்கள்."

மூன்று பின்னேரங்கள் அந்த வேலை நடந்தது. இளைப்பாறிய ரயில்காரர் ஒருவர் அதையேதான் சொன்னார். குழந்தை அழும் சத்தத்துக்கு நடுவே ஒரு இளம் தாய் சொன்னார். வெதுப்பகம் நடத்தும் ஒருவர், அந்தப் பெண்ணைவிட உழைப்பாளி இந்த ஊரில் இல்லை, ஆனால் பாருங்கள், இந்த ஊர் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை என்றார். வெளிநாட்டுக்காரிக்குப் போடமாட்டேன் என்று நேரே சொன்னவர்களும் இருந்தார்கள். நான் பேசியவர்களில் அவர்கள் கொஞ்சப் பேர்தான். மற்றவர்கள் போடமாட்டார்கள் என்று சொன்னவர்கள்தான் அதிகம். அந்த மற்றவர்கள் யார் என்று கேட்பதற்குத் திரையில் கட்டம் இல்லை.

கிழமைக் கடைசியில் அக்கா அழைத்தார். "பிள்ளை, கருத்துக்கணிப்பு எடுக்கினமாம். உம்மட இடத்திலயோ?" என்று கேட்டார். அங்கே கேட்டது எதையும் வெளியே சொல்லமாட்டேன் என்று வேலைக்குச் சேரும்போதே கையெழுத்து வைத்திருந்தேன். அதைச் சொல்லியிருந்தால் அவர் விளங்கிக்கொண்டிருப்பார். நான், "தெரியேல்லை அக்கா" என்றேன்.

உறுப்பினர் கூட்டம் ஒரு உணவகத்தின் பின் மண்டபத்தில் நடந்தது. வெளியே பனி உறைந்து வழுக்கியது. ஈரக் கோட்டுகளின் மணம் மண்டபம் முழுக்க. தலைவர் சுவரில் படம் காட்டி விளக்கினார். முதலில் மூன்றாவது கேள்வியின் பதில். இரண்டு தூண்கள். தலைமையாசிரியரின் தூண் அக்காவின் தூணைவிட மிக உயரம். மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. முதல் இரண்டு கேள்விகளுக்கு என்ன பதில் என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். அங்கே இருவரும் கிட்டத்தட்டச் சமம், இப்படியான சின்னக் கணிப்பில் அந்த வித்தியாசத்தைக் கணக்கிலெடுக்க முடியாது, அதனால்தான் மூன்றாவது கேள்வி முக்கியமாகிறது என்று தலைவர் சொன்னார். அவர் ஏமாற்றவில்லை. தான் சொன்னதை அவர் முழுமனதாக நம்பினார்.

எனக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை. போடுவோம் என்று இத்தனை பேர் சொன்னதைச் சமம் என்று ஒரு வார்த்தையில் கடந்துவிட்டார்கள். போடமாட்டார்கள் என்று ஊரார் ஒருவரைப் பற்றி ஒருவர் சந்தேகப்பட்டதை அளந்து தூணாக்கிச் சுவரில் காட்டுகிறார்கள். கையைத் தூக்கி இதைச் சொல்லியிருக்கலாம். நான் அங்கே வேலை செய்தேன் என்றுகூடச் சொல்லத் தேவையில்லை. ஒரு சாதாரண உறுப்பினராக ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கையைத் தூக்கவில்லை.

அக்கா பேச எழுந்தார். எழுதி வைத்ததைப் பார்த்து வாசித்தார். பதற்றத்தில் ஒரு சொல்லின் இலக்கணம் பிழைத்தது. யாரோ சிரித்ததுபோல் இருந்தது. அவர் தாளை மடித்து மேசையில் வைத்துவிட்டு, தான் பார்க்கும் முதியவர்களைப் பற்றியும் பாடசாலைப் பேருந்துகளைப் பற்றியும் சும்மா பேசுவதுபோலப் பேசினார். கடைசியில், "நான் வெல்வேனா என்று கேட்கிறீர்கள். நீங்கள் எனக்குப் போட்டால் வெல்வேன். வேறு வழி எனக்குத் தெரியாது" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார். கைதட்டல் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு சீட்டுத் தந்தார்கள். ஒரு பெயரை எழுதி மடித்துப் பெட்டியில் போட வேண்டும்.  அக்கா பெரிய தேர்தலில் நின்று படுதோல்வி அடைந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். தெருவில் அவருடைய முகம் உள்ள சுவரொட்டியில் என்னென்ன எழுதுவார்கள், அவருடைய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் என்ன கேட்க வேண்டி வரும், எங்கள் ஆட்கள் எல்லோரும் தோற்றதாக அது ஆகிவிடாதா என்று யோசித்தேன். வெல்லக்கூடியவர் இந்தமுறை வெல்லட்டும், அக்கா அடுத்தமுறை நிற்கலாம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தலைமையாசிரியரின் பெயரை எழுதினேன். அவருடையது எழுதச் சுகமான, சின்னப் பெயர்.

ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் வித்தியாசத்தில் அக்கா தோற்றார்.

எழுந்து போய்த் தலைமையாசிரியருக்குக் கை கொடுத்தார். வெளியே வரும்போது வழுக்காமல் இருக்க என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடும் பிள்ளை. நீர் வந்து இருந்ததே எனக்குப் பெரிய பலம்" என்றார். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். கார்க் கதவைத் திறந்து ஏறிக்கொண்டேன்.

கோடையில் அக்கா ஏணி வைத்து மின்கம்பங்களில் தலைமையாசிரியரின் படங்களைக் கட்டினார். வேலை முடிந்து சீருடையோடேயே வந்து துண்டுப்பிரசுரம் கொடுத்தார். செப்டெம்பரில் தேர்தல் நடந்தது. தலைமையாசிரியர் தோற்றார். அதுவும் கொஞ்சநஞ்ச வித்தியாசத்தில் அல்ல. தலைவர் எல்லோருக்கும் ஒரு கடிதம் அனுப்பினார். இதை யாராலும் முன்கூட்டியே அறிந்திருக்க முடியாது என்று அதில் எழுதியிருந்தது.

பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நான் அக்காவிடம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. தொலைபேசி வேலையை மட்டும் விட்டுவிட்டேன். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு கட்சி தன் வேட்பாளரை மாநிலம் மாநிலமாகத் தெரிவு செய்துகொண்டிருந்தது. பாலர் பாடசாலைச் சமையலறை வானொலியில் தினமும் அதே பேச்சு. என்னோடு வேலை செய்த ஜெர்மன் பெண் கரட் சீவிக்கொண்டே, தனக்கு அந்தக் கறுப்பின மனிதரைத்தான் பிடிக்கும், ஆனால் அமெரிக்கர்கள் அவருக்குப் போடமாட்டார்கள் என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் கையிலிருந்த கத்தியை வைத்தேன். முகம் கழுவப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். காய்ந்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். இருக்கச் சொல்லித் தேத்தண்ணீர் தந்தார். நான் குடிக்காமல், "அக்கா, அண்டைக்கு நான் உங்களுக்குப் போடேல்லை" என்றேன்.

மடித்துக்கொண்டிருந்த துவாயை முழுக்க மடித்து வைத்தார். "ஏன்?" என்று கேட்டார்.

"பெரிய தேர்தலில நீங்கள் தோத்துப்போவியள் எண்டு பயந்தன்."

"அப்ப, நான் தோக்கக்கூடாதெண்டு என்னைத் தோக்கடிச்சனீர்."

அவர் குரல் உயரவில்லை. "எனக்கு எதிராக ஆர் ஆர் போட்டிருப்பினம் எண்டு கனநாள் யோசிச்சனான், மனதுக்குள்ள ஒரு பட்டியலே வைச்சிருந்தனான், அதில உம்மட பெயர் இல்லை" என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தொலைபேசி வேலை, எனக்குத் தந்த ஜெர்மன் பெயர், அவருடைய பெயரைத் தடுமாறி வாசித்தது, கணவரைக் குளிப்பாட்டியதைச் சொன்ன அந்த வயதான பெண். அந்த இடத்தில் அக்கா நிமிர்ந்தார்.

"அவ அப்பிடிச் சொன்னவவோ?"

"ஓம் அக்கா. கட்டாயம் உங்களுக்குத்தான் எண்டு சொன்னவ."

ஆள் யாரென்று அக்காவுக்கு உடனே விளங்கிவிட்டது. "போன வருசம்தான் மோசம் போனவ. சாகுமட்டும் அவவையும் நான்தான் பாத்தனான்" என்றார். "எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை." பிறகு அழுதார். தோற்ற அன்று அழாதவர். எனக்காகவா அந்தப் பெண்ணுக்காகவா என்று தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை.

வாசல்வரை வந்து வழியனுப்பினார். எப்போதும் "பாத்துப் போம்" என்பார். அன்று, "பாத்துப் போங்கோ" என்றார். வேற்றாளுக்குச் சொல்லும் மரியாதை அது. அதற்குப் பிறகு என்னை அவர் நீர் என்று அழைக்கவே இல்லை. பூசைக்குக் கூட்டிக்கொண்டு போனார், என் மகள் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய அன்று வந்து சங்கிலி போட்டார், எல்லாவற்றையும் செய்தார். நீங்கள், வாங்கோ, இருங்கோ. ஒரு குறை சொல்ல ஏலாது.

அடுத்த தெரிவுக்கு அவர் பெயர் கொடுக்கவில்லை. நோயாளிகளைத் தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது என்றார். அது உண்மைதான். இருந்த நகரசபை இடத்தையும் விட்டுக்கொடுத்துவிட்டு, ஹம் நகரப் பக்கம் கலியாணம் முடித்திருந்த மகளோடு போய்விட்டார். வீடு மாறிய அன்று பெட்டி தூக்க நானும் போனேன். இனி ஆட்கள் போதும், நீங்கள் களைச்சுப் போவீங்கள் என்று என்னை நேரத்தோடு அனுப்பிவிட்டார்.

அடுத்த ஓகஸ்ட் கெவலார் என்ற ஊரின் மாதா கோவில் திருநாளில் அவரைக் கண்டேன். ஜெர்மனி முழுவதிலுமிருந்து தமிழ்ச் சனம் வந்திருந்தது. முடி நரைத்து, கொஞ்சம் மெலிந்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் சிரித்து, பிள்ளைகளின் படிப்பைப் பற்றி விசாரித்தார். மகளின் மாமியார் பக்கத்தில் நின்றா. அவவுக்கு என்னை அறிமுகப்படுத்தினார்.

"இவ எங்கட பழைய இடத்தில இருந்தவ. தெரிஞ்ச பிள்ளை" என்றார்.

மணி அடித்து, மாதாவின் சுருபம் ஊர்வலமாகப் புறப்பட்டது. சனம் நெருக்க, அவர்கள் முன்னுக்கு நகர்ந்தார்கள். நான் ஓரத்தில் நின்று எல்லோரும் போகுமட்டும் வழி விட்டேன்.