வெண்மதி வரைந்த கதவு

கடத்தூரில் உரக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டே வெண்மதியின் அப்பா குப்புராஜ் மாத நாவல்களும் எழுதினார். அட்டையும் உள்படங்களும் முதலில் அச்சுக்குப் போகும். கதை பின்னால் போகும். அந்தத் தொழிலில் அதுதான் வழக்கம். ஒருமுறை சென்னை ஓவியர் கடைசி நேரத்தில் கைவிட்டதால், பத்தாவது படித்துக்கொண்டிருந்த வெண்மதி வரைந்தாள். கதாநாயகன் கையில் அவளாகவே ஒரு குடையைக் கொடுத்துவிட்டாள். அப்பா படத்தைத் திருத்தச் சொல்லவில்லை. கதையில் மழை பெய்ய வைத்தார்.

பிறகு எல்லா நாவலுக்கும் அவள்தான். யாரிடமும் படம் போடக் கற்றதில்லை. சந்தையில் காய் வாங்குவதுபோல் நின்று, பேரம் பேசுகிறவர்களின் தாடையையும் கண்ணையும் பார்த்து வருவாள். சரியாக அமையாத மூக்கை நாள் முழுக்க அழித்து அழித்துப் போடுவாள். அப்படியே வயது நாற்பதைத் தாண்டியது.

கதையை மட்டும் அப்பா முன்கூட்டிச் சொல்ல மாட்டார்.

"முடிவு தெரிஞ்சா மூஞ்சியிலயே காட்டிக் குடுத்துருவ கண்ணு. புக்கு வந்ததும் எல்லாரையும்போலப் படி."

"பெத்த புள்ளகிட்டக்கூட ரகசியம்" என்று அம்மா காசியம்மாள் அடுப்படியிலிருந்து குத்துவாள்.

கடைசி நாவலுக்கு அவர் சொன்னது ஒரே வரி. ஒரு பெண் கதவைத் திறக்கிறாள்; வெளியே நிற்பது யாரென்று தெரியக்கூடாது. பயமா சந்தோஷமா என்று பிடிபடாதபடி வெண்மதி அவள் உதட்டைப் போட்டாள். அட்டை அச்சாகிவிட்டது. கடைசி அத்தியாயம் எழுதுவதற்குள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சும் போயிற்று, எழுதும் கையும் போயிற்று.

பதிப்பாளர் போன் செய்தார். "முடிவு மட்டுந்தானம்மா பாக்கி. எப்படியாவது அவர்கிட்ட கேட்டுச் சொல்லு. இல்லேன்னா இங்க வேற ஆள வெச்சு எழுதிக்கறேன்."

முடிவு அப்பாவுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று வெண்மதி நினைத்தாள். கேட்பதற்கு அவளுக்குத் தெரிந்த வழி படம்தான். அப்பா எழுதிவைத்திருந்த அத்தியாயங்களைப் படித்துவிட்டு, கதவுக்கு வெளியே நிற்கக்கூடியவர்களை ஒவ்வொருவராக வரைந்து அவர் முன்னால் பிடித்தாள். முதலில் ஓடிப்போன கணவன். அப்பா முகத்தைச் சுளித்து, தலையை இடவலமாக அசைத்தார். போலீஸ்காரர், தங்கை, தபால்காரர். எல்லாவற்றையும் மறுத்தார். மறுக்க மறுக்க அவளுக்குத் தெம்பு வந்தது. வேண்டாததைத் தெரிந்தவருக்கு வேண்டியதும் தெரியும் அல்லவா?

சில வாரம் கழித்து, துணிப்பையோடு நிற்கும் ஒரு வயதான பெண்ணை வரைந்து காட்டினாள். அப்பாவின் தலை மேலும் கீழும் அசைந்தது.

"அம்மா, ஓடியாங்க! அப்பா ஆமாங்கறாரு!"

காசியம்மாள் ஈரக்கையோடு வந்தாள். அவர் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு பழைய படங்களிலிருந்து போலீஸ்காரரை உருவி நீட்டினாள். அதற்கும் தலை அசைந்தது. தபால்காரருக்கும் அசைந்தது. வெண்மதி ஒன்றும் வரையாத தாளை எடுத்துப் பிடித்தாள். அப்பா அதையும் நிதானமாகப் பார்த்து, ஆமாம் என்றார்.

"உட்று கண்ணு. அவருக்கே தெரியல" என்றாள் அம்மா.

பதிப்பாளர் மறுபடி கூப்பிட்டார். "புருஷன் திரும்பி வர்றான்னு வெச்சிரலாம்."

"புருஷன் இல்லீங்க. அப்பாவுக்குப் புத்தி தெளிவா இருக்கையிலயே வேண்டாம்னுட்டாரு."

"சரி, அப்ப யாரு?"



நாவல் வந்தது. கதவுக்கு வெளியே கணவன் நின்றான். அந்தப் பெண் அவனை மன்னித்தாள். அட்டையில் அப்பாவின் பெயர் இருந்தது. வெண்மதி கட்டிலருகே உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைச் சத்தமாகப் படித்தாள். கணவன் பெயர் வரும் இடமெல்லாம் நிறுத்தி அப்பாவைப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அவர் தலையாட்டினார்.