யோகலிங்கத்தார் மட்ச் பார்க்கிறார்

ரீவிக்கு நேர் எதிரே ஒரு கதிரை போட்டிருக்கும். யோகலிங்கத்தார் அதில் இருக்க மாட்டார். அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஓர் ஓவர் முடிந்ததும் வாசலுக்குப் போய்ப் படலையைப் பார்ப்பார். திரும்பி வந்து, "என்ன, ஆர் அவுட்டானது?" என்று என்னைக் கேட்பார். நான் சொல்லி முடிப்பதற்குள் குசினிக்குப் போய்ப் பின்கதவின் கொக்கியை அசைத்துப் பார்ப்பார். இந்த மனுசனோடு சேர்ந்து மட்ச் பார்த்தால் இருந்த இடத்திலேயே எனக்குக் கால் உளையும்.

ரீவியில் படம் ஓடும், சத்தம் இராது. பக்கத்தில் இருப்பவர் முறுக்குக் கடிப்பது அதைவிட நன்றாகக் கேட்கும். "கொஞ்சம் கூட்டுங்கோவன் அண்ணை" என்று கேட்டால் கண்ணை உருட்டுவார். "கூட்டினா ரோட்டில வாகனம் வாறது கேக்காது தம்பி. சும்மா இரும்." நல்ல அடி விழுந்தால் கை தட்டவும் விடமாட்டார். தன் தொடையில் ஒரு அடி போட்டுக்கொள்வார், அவ்வளவுதான். நான் பக்கத்து வீட்டுக்காரன், அரசாங்கக் கச்சேரியில் கிளாக். என் வீட்டில் ரீவி இல்லை. அதனால்தான் இந்த அடக்குமுறையைப் பொறுத்துக்கொண்டு அவருடைய விறாந்தையைத் தாண்டுகிறேன்.

யோகலிங்கத்தாருக்குத் தொழில் பற்றறி சார்ஜ் பண்ணுவது. மூதூர் லோஞ்சு வந்து அடைகிற துறைக்குப் போகும் வழியில் தகரம் அடித்த ஒரு சின்னக் கடை. லொறி பற்றறி, உழவு மெசின் பற்றறி, மோட்டார் சைக்கிள் பற்றறி எல்லாம் அங்கே வரிசையாகக் கிடக்கும். ஒவ்வொன்றின் நெற்றியிலும் சோக்கட்டியால் ஒரு பெயர் இருக்கும். அவர் இடுப்பில் உடுத்துகிற எந்தச் சாறத்தை எடுத்துப் பார்த்தாலும் அசிட் தின்ற ஓட்டை உண்டு. மனைவி கமலேஸ்வரி புதுச் சாறம் வாங்கிக் கொடுப்பதை நிறுத்திவிட்டார். "இந்த மனுசனுக்குச் சாறமும் ஒண்டுதான் சல்லடையும் ஒண்டுதான்" என்பார்.

பெரிய கிரிக்கெட் மட்ச் வருகிறதென்றால் முதல் நாளே கடை நிரம்பிவிடும். கரண்டை நம்பி ஆரும் ரீவி வைத்திருப்பதில்லை, பற்றறியில்தான் ஓட்டுவார்கள். மூதூர், தோப்பூர்ப் பக்கத்து ஆட்கள் பற்றறியைச் சாக்கில் சுற்றி லோஞ்சில் கொண்டுவருவார்கள். வழியில் ஆமி நிற்கும் ஒவ்வொரு சென்றியிலும் சாக்கை அவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் கடைக்கு வந்து சேர வேண்டும். இவ்வளவு பாடுபடுகிற சனம், பக்கத்து மைதானத்தில் பந்தடி என்கிற உதைபந்தாட்டம் நடந்தால் எட்டிப் பார்க்காது. ஏன் என்று யோகலிங்கத்தாரைக் கேட்டேன். நியாயங்களை அடுக்கினார். "வீட்டில எண்டா தேத்தண்ணி கிடைக்கும். கோல் போட்டா திருப்பித் திருப்பிக் காட்டுவாங்கள். விசர் வந்தா ரீவியை நிப்பாட்டிப்போட்டுப் படுக்கலாம். மைதானத்தில நிப்பாட்டிப்போட்டு எழும்பி வர ஏலுமே?"

கடைசி வசனத்தை மட்டும் அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஒரு காலத்தில் அவர் எழும்பி வரவே மாட்டாராம். பந்தடி எங்கே நடந்தாலும் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்துகிறவர். தொண்ணூறாம் ஆண்டு ஒரு பின்னேரம், இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கிய நேரத்தில் ஆமிக்காரர் மைதானத்தைச் சுற்றி வளைத்தார்கள். விளையாடியவர்களையும் பார்த்தவர்களையும் ஒரே வரிசையில் விட்டார்கள். ஜீப்புக்குள் முகத்தை மூடிய தலையாட்டி ஒருவன் இருந்தான். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளைப் பிடித்துக்கொண்டு போவார்கள். யோகலிங்கத்தார் அவனைக் கடந்து போனார், தலை ஆடவில்லை. பின்னால் வந்தவர் இராசதுரை. இவருடைய கூட்டாளி, தையல்காரர். தலை ஆடியது. எதற்கு ஆடியது என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. இராசதுரை திரும்பி வரவும் இல்லை.

"அவனுக்குப் பந்தடி விருப்பமே இல்லைத் தம்பி. நான்தான் வா வா எண்டு இழுத்துக்கொண்டு போனனான்." இதைச் சொல்கிறபோது அவருக்கு அழுகை வந்துவிடும். அதை மறைக்கவும் மாட்டார். அசிட் பட்ட விரலால் கண்ணைத் துடைத்து, அது எரிய, இன்னும் கொஞ்சம் அழுவார்.

மகனாவது சதுரங்கம் விளையாடுகிறவனாகப் பிறந்திருக்கலாம். சுதாகரன் கோல் காக்கிற கோலி. ஊர்க் கழகத்துக்கு விளையாடுகிறான், நெடுத்த பிள்ளை, நல்ல கை. தடுத்துப் பார்த்து, கத்திப் பார்த்து, மூன்று நாள் கதைக்காமலும் இருந்து பார்த்தார். அவன் கேட்கவில்லை. போதாததற்கு, "அப்பா, நீங்கள் சார்ஜ் பண்ணிக் குடுக்கிற பற்றறியாலதான் எங்கட மைதானம் வெறிச்சுப் போய்க் கிடக்குது" என்றும் சொல்லிவிட்டான். மகன் விளையாடுகிற நாளில் இவர் பாடு இன்னும் மோசம். வாசலுக்கும் ரீவிக்கும் குசினிக்கும் நடந்துகொண்டே இருப்பார். அவன் சைக்கிளைக் கொண்டுவந்து சுவரில் சாத்தும் வரை ஒரு மிடறு தண்ணீர் இறங்காது. ரீவியின் சத்தத்தை எதற்காகக் குறைக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

போன ஞாயிற்றுக்கிழமை சுதாகரனின் கழகத்துக்கு இறுதி ஆட்டம், மூதூர்க் கழகத்தோடு. அன்றைக்கே கொழும்பில் இலங்கை அணிக்கும் ஒரு கிரிக்கெட் மட்ச். முதல் நாள் பற்றறி எடுக்க வந்த மூதூர்க் கடைக்காரர் கலீலுர் றஹ்மான் இவரைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு நீங்க வரணும், சொல்லிப்போட்டன். உங்கட மகனுக்கு எங்கட பொடியன்கள் மூணு கோல் போடுறத்த கண்ணால பாக்கணும்."

"எனக்கு ஏலாது, வேலை கிடக்கு."

"என்ன பெரிய வேலை? நாங்க கடல் தாண்டி வாறம். நீங்க ரெண்டு ஒழுங்கை தாண்ட மாட்டீங்களா?"

யோகலிங்கத்தார் ஒரு பற்றறியின் மூடியைத் திருகினார். பிறகு அதையே திருப்பித் திறந்தார்.

ஞாயிறு பின்னேரம் வழக்கம்போல நான் ரீவிக்கு முன்னால். அவர் வாசலில். உள்ளே கிரிக்கெட் கடைசி ஓவருக்கு வந்துவிட்டது. "அண்ணை, வாங்கோ, முடியப்போகுது" என்றேன். "ஓம் ஓம்" என்றார், வரவில்லை. அவர் காது மைதானப் பக்கம் இருந்தது. இலங்கை வென்றது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சடசடவென்று வெடி கேட்டது.

வென்றதை என் கண்ணால் கண்டவன் நான். சென்றியில் நிற்பவர்களும் ரீவி பார்க்கிறார்கள், சந்தோசத்தில் வானத்தை நோக்கிச் சுடுகிறார்கள் என்று விளங்காமல் போக நான் என்ன குழந்தையா? ஆனாலும் மேசைக்குக் கீழேதான் கிடந்தேன். இந்த ஊரில் வெடி கேட்டால் உடம்பு முதலில் விழும், யோசனை பிறகுதான் வரும். குசினியில் கமலேஸ்வரி அக்கா விழுந்த சத்தமும் பானை உருண்ட சத்தமும் ஒன்றாகக் கேட்டன. விழாதவர் யோகலிங்கத்தார் மட்டுந்தான். நான் தலையைத் தூக்கிப் பார்த்தபோது படலை திறந்து கிடந்தது.

"அண்ணை! வெண்டதுக்குச் சுடுறாங்கள், அண்ணை!" என்று கத்தினேன். ஆர் கேட்கிறது? "தம்பி, ஐசியை விட்டிட்டுப் போறார், கொண்டு ஓடும்!" என்று கமலேஸ்வரி அக்கா அடையாள அட்டையை என் கைக்குள் திணித்தார். செருப்பும் இல்லாமல், அட்டையும் இல்லாமல், சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த மனுசன் சென்றிக்கு முன்னாலேயே ஓடுகிறார். வேறொரு நாள் என்றால் அதுவே கடைசி ஓட்டமாக இருந்திருக்கும். அன்றைக்கு ஆமிக்காரர் ஒருவரையொருவர் தூக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் எங்களைப் பார்த்துச் சிங்களத்தில் "வென்றுவிட்டோம்" என்று கையைக்கூட ஆட்டினான். நானும் கையை ஆட்டிவிட்டு ஓடினேன்.

மைதானத்தில் ஒருவரும் நிற்கவில்லை. இரண்டு கழகத்தாரும், மத்தியஸ்தரும், பார்க்க வந்திருந்த கொஞ்சப் பேரும் புல்லில் குப்புறக் கிடந்தார்கள். யோகலிங்கத்தார் எல்லையில் நின்று ஒவ்வொரு முதுகாகப் பார்த்தார். அவர் வாயிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது, பெயராகவும் இல்லை, அழுகையாகவும் இல்லை. அப்போது கலீலுர் றஹ்மான்தான் முதலில் தலையைத் தூக்கி, "மட்ச் வெண்டுட்டானுகள்டா, எழும்புங்க!" என்று சிரித்தார். ஒவ்வொருவராக எழும்பி, மண்ணைத் தட்டி, ஒருவரையொருவர் பார்த்து வெட்கத்தோடு சிரித்தார்கள். மத்தியஸ்தர் தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு மூதூருக்குக் கோணர் என்று மைதானத்தின் மூலையைக் கையால் காட்டினார்.

சுதாகரன் எழும்பிக் கோல் கோட்டில் போய் நின்றான். அந்தக் கம்பங்களுக்கு வலை கிடையாது. யோகலிங்கத்தார் பின்பக்கத்தால் வந்து அவனுடைய சேட்டின் முதுகுப் பக்கத்தைக் கொத்தாகப் பிடித்தார்.

திடுக்கிட்டுத் திரும்பியவன் முகம் மலர்ந்துபோனான். "அப்பா! வந்திட்டீங்களோ!"

அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஒண்டுமில்லை அப்பா. சும்மா வெடி. விடுங்கோ, கோணர் அடிக்கப் போறாங்கள்."

மூதூர்ப் பொடியன் பந்தை மூலையில் வைத்துவிட்டுக் கையை உயர்த்திக்கொண்டு நின்றான். மத்தியஸ்தர் விசிலை வாயில் வைத்தபடி இந்தப் பக்கம் பார்த்தார்.

"அப்பா, எல்லாரும் பாக்கினம். விடுங்கோ."

யோகலிங்கத்தார் மற்றக் கையாலும் பிடித்துக்கொண்டார்.